இந்திய சி.ஓ.சி. (கப்பல் அதிகாரிக்கான தகுதிச் சான்றிதழ்) வைத்திருப்பவர் அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் அதிகாரியாக முடியுமா?

பொருநை_மரைன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மரைன் இன்ஜினியரிங் படித்தவன். ஜூனியர் இன்ஜினியராக ஏறி, பல்க் கேரியர், கண்டெய்னர் கப்பல் என்று ஓடி, இந்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் நடத்தும் கிளாஸ் 2 தேர்வு வரை முடித்தேன். திருமணத்துக்குப் பிறகு ஹூஸ்டன் வந்தேன். இப்போது அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. கரையில் ஒரு கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தில் வேலை.

அங்கே என்னோடு வேலை செய்பவர் ஒருவர் கடற்படை ரிசர்வில் லெப்டினன்ட். ஆனால் போர்க்கப்பலில் பணியாற்றியவர் அல்லர். வணிகக் கப்பல் லைசென்ஸை வைத்தே அதிகாரியானவர். 'ஸ்ட்ராட்டஜிக் சீலிஃப்ட் ஆபீசர்' என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். ஆண்டுக்கு இரண்டு வாரம் சீருடை அணிகிறார். மற்ற நாள்களில் எங்களோடு எஞ்சின் பிரிக்கிறார்.

கேட்ட நாளிலிருந்து மனம் அதையே சுற்றுகிறது. என் இந்திய சி.ஓ.சி.யை வைத்து விண்ணப்பிக்கலாமா? முடியாதென்றால் எங்கிருந்து தொடங்குவது? வயதான அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவரிடம் பேசுவதற்கு முன் எனக்கே விவரம் தெளிவாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நீலக்கோடு_தேர்ட்மேட்

அண்ணா, நான் அந்தப் பிரிவில்தான் இருக்கிறேன். பிறந்தது நியூ ஜெர்சி, படித்தது நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்டில் உள்ள அமெரிக்க மெர்ச்சன்ட் மரைன் அகாடமியில். இப்போது தேர்ட் மேட்டாக, அதாவது டெக் பிரிவின் இளநிலை அதிகாரியாக ஓடுகிறேன்.

நேரடியாகச் சொல்கிறேன்: இந்திய சி.ஓ.சி.யை வைத்து முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் எம்.எம்.சி., அதாவது மெர்ச்சன்ட் மரைனர் கிரெடென்ஷியல், உங்கள் கையில் இருக்க வேண்டும். அதிலும் அதிகாரி நிலை வேண்டும். டெக் பிரிவில் கடலுக்கான அன்லிமிடெட் டன் தேர்ட் மேட். எஞ்சின் பிரிவில் அன்லிமிடெட் குதிரைத்திறன் தேர்ட் அசிஸ்டன்ட் இன்ஜினியர். இவைதான் வாசற்படி. எஸ்.டி.சி.டபிள்யூ. (கடலோடிகளுக்கான பன்னாட்டுப் பயிற்சித் தரம்) மேலொப்பமும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இழுவைப் படகு லைசென்ஸ், உள்நாட்டு நீர்வழி லைசென்ஸ் எல்லாம் நல்ல பிழைப்புக்கு வழி. இந்தப் பிரிவுக்குப் போதாது.

இவற்றோடு அமெரிக்கக் குடியுரிமை, இளங்கலைப் பட்டம், கடற்படையின் மருத்துவத் தகுதி, வயது வரம்பு, 'சீக்ரெட்' நிலைப் பாதுகாப்பு அனுமதி. வயது வரம்பை ஆள்சேர்ப்பு அதிகாரியிடமே கேளுங்கள். அவ்வப்போது மாற்றுவார்கள், சில நேரம் தளர்வும் தருவார்கள். எங்களைப் போல் அகாடமியில் படித்தவர்களுக்குப் பட்டமளிப்பு நாளிலேயே என்சைன் என்ற தொடக்கநிலை அதிகாரிப் பதவி கிடைத்துவிடும். உங்களைப் போல் ஏற்கெனவே கடலில் ஓடியவர்களுக்கு நேரடி நியமனம் என்று தனி வழி உண்டு.

லைசென்ஸும் பதவியும் இரண்டு தனித்தனி உயிர்கள், அண்ணா. லைசென்ஸ் தருவது கடலோரக் காவல்படை. பதவி தருவது கடற்படை. ஆனால் லைசென்ஸ் செத்தால் பதவியும் படுத்துவிடும். இந்தப் பிரிவில் உங்களை வைத்திருப்பதே நீங்கள் கப்பல் ஓட்டத் தெரிந்தவர் என்பதற்காகத்தான். நுழைவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த லைசென்ஸை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான தகுதித் தேர்வு.


பொருநை_மரைன்

நன்றி தம்பி. அப்படியானால் முதல் வேலை எம்.எம்.சி. என் கடல்காலம் முழுவதும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில்: பனாமா, லைபீரியா, கொஞ்சம் இந்தியக் கொடி. அது கணக்கில் வருமா, மறுபடியும் வைப்பராக, அதாவது எஞ்சின் அறையின் கடைநிலை ஊழியராகத் தொடங்க வேண்டுமா?


பழைய_மோட்டார்மேன்

வரும். நான் அந்த வழியாக வந்தவன்.

அமெரிக்கா மற்ற நாட்டு சி.ஓ.சி.யை அப்படியே மாற்றித் தருவதில்லை. கடல்காலத்தை எடுத்துக்கொள்கிறார்கள், தேர்வை மறுபடி எழுதச் சொல்கிறார்கள். கோப்பைப் பரிசீலிப்பது மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் நேஷனல் மேரிடைம் சென்டர். தேர்வு மண்டல மையங்களில் நடக்கும். ஹூஸ்டனிலேயே ஒன்று உண்டு, உங்களுக்கு அலைச்சல் குறைவு.

கீழ்நிலையிலிருந்து உயர்ந்து தேர்ட் அசிஸ்டன்ட் ஆவதற்கு 1,080 நாள் எஞ்சின் அறைப் பணி வேண்டும். கிளாஸ் 2 வரை வந்தவருக்கு நாள் எண்ணிக்கையில் சிக்கல் வராது. காகிதத்தில்தான் வரும். சி.டி.சி. என்ற கடல்பணிப் பதிவேட்டில் சைன் ஆன், சைன் ஆஃப் முத்திரை இருந்தால் போதும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அதோடு நிறுவனத்தின் கடிதமும் வாங்கி வையுங்கள். கப்பல் பெயர், பதிவு எண், டன், எஞ்சின் வகை, கிலோவாட் அல்லது குதிரைத்திறன், நீங்கள் வகித்த பதவி, ஏறிய நாள், இறங்கிய நாள், ஓடிய கடற்பகுதி என எல்லாமே அதில் இருக்க வேண்டும். மும்பையில் மேனிங் அலுவலகத்தை மூடிவிட்டுப் போன நிறுவனங்கள் எத்தனையோ. தாமதித்தால் கடிதம் எழுதித் தர ஆளே இருக்காது. இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் சி.ஓ.சி. மோட்டார் கப்பலுக்கானது என்று நினைக்கிறேன். எம்.எம்.சி.யில் நீராவி, மோட்டார், கேஸ் டர்பைன் என்று உந்துவிசை வாரியாகத்தான் மேலொப்பம் தருவார்கள். மோட்டார் மட்டும் இருந்தாலும் லைசென்ஸ் லைசென்ஸ்தான். ஆனால் ரிசர்வ் பக்கம் போக எண்ணுபவர் நீராவியையும் படித்து வைத்துக்கொள்வது நல்லது. காரணத்தைத் தேர்ட் மேட் தம்பி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சி, தீயணைப்பு போன்றவற்றைக் கடலோரக் காவல்படை அங்கீகரித்த பயிற்சி நிலையங்களில் முடித்துவிடுங்கள். துறைமுகத்துக்குள் நுழைய டி.டபிள்யூ.ஐ.சி. அட்டை வேண்டும், பழுதுபார்ப்புத் தளத்தில் இருப்பதால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.


நீலக்கோடு_தேர்ட்மேட்

நீராவி ஏன் என்றால்: போரோ பெரும் பேரிடரோ வந்தால் ராணுவத் தளவாடங்களை ஏற்றிச் செல்ல அரசு சில சரக்குக் கப்பல்களைத் துறைமுகங்களில் கட்டி வைத்திருக்கிறது. ரெடி ரிசர்வ் ஃபோர்ஸ் என்பார்கள். மாராட், அதாவது கடல்சார் நிர்வாகம், அதைப் பராமரிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உத்தரவு வந்த ஐந்தே நாளில் புறப்பட வேண்டும். பத்துப் பேர் அளவிலான சிறு குழு கப்பலைக் காத்துக்கொண்டிருக்கும். அழைப்பு வந்ததும் மற்றவர்கள் ஏறிக்கொள்வார்கள். அந்த 'மற்றவர்கள்' எங்கிருந்து வருவார்கள் என்பதற்கான விடைகளில் ஒன்றுதான் எங்கள் பிரிவு.

கப்பல்களில் பல 40 வயதைத் தாண்டியவை. அதில் இருந்த அல்கோல் வகைக் கப்பல்கள் எட்டு. 1970களின் தொடக்கத்தில் சீ-லேண்ட் நிறுவனத்துக்காக ஐரோப்பாவில் கட்டியவை. நீராவி டர்பைனில் மணிக்கு 33 கடல்மைல் வேகம். இன்றைக்கு உலகில் கொதிகலன் தெரிந்த இன்ஜினியர் எத்தனை பேர்? எரிவாயுக் கப்பல்களில் ஓடியவர்கள் சிலர், மூத்தவர்கள் சிலர். புதிதாகப் படித்து வருபவர்களுக்கு எல்லாம் டீசல்தான்.

2019 செப்டம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் 33 கப்பல்களை ஒரே நேரத்தில் எழுப்பிப் பார்த்தார்கள். அந்த அளவில் அதற்குமுன் நடந்ததில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு மாராட் கூட்டிய குழு ஒரு கணக்குப் போட்டது: நீண்ட போருக்கு 13,607 தகுதியான கடலோடிகள் தேவை; இருப்பவர்கள் 11,768; பற்றாக்குறை 1,839 பேர். அந்த 11,768 என்பதும் அழைத்தவர்கள் அத்தனை பேரும் வந்து ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்ட கணக்கு. வணிகக் கப்பல்காரர் வராவிட்டால் யாரும் இழுத்துப்போக முடியாது. பதவிப்பிரமாணம் எடுத்த ரிசர்வ் அதிகாரி அப்படி இருக்க முடியாது. எங்களை வைத்திருப்பதன் முழுப் பொருளும் அதுதான்.


முத்துக்குளித்துறை

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். தம்பிகள் இருவரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பொருநையின் அப்பா ஏன் கலங்குகிறார் என்பதை யாரும் தொடவில்லை.

வணிகக் கப்பல்காரனைக் கடற்படை கடனாகக் கேட்பது புதிதல்ல. பிரிட்டன் 1859இல் சட்டமே போட்டு, வணிகக் கப்பல் ஆட்களைக் கொண்டு ராயல் நேவல் ரிசர்வைத் தொடங்கியது. டைட்டானிக்கின் கேப்டன் ஸ்மித் ரிசர்வ் அதிகாரி. அதனால்தான் அந்தக் கப்பல் வழக்கமான சிவப்புக் கொடிக்குப் பதிலாக நீலக் கொடி ஏற்றிப் போனது. உயிர் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேத்தியாவின் கேப்டன் ராஸ்ட்ரனும் ரிசர்வ்தான். நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியன் நேவல் ரிசர்வ் என்று இருந்தது. வணிகக் கப்பல் அதிகாரிகளை அதில் எடுத்தார்கள். கடலே பார்க்காத தொண்டர்களுக்கு வேறு பிரிவு வைத்தார்கள். கடல் தெரிந்தவனுக்கு ஒரு தட்டு, தெரியாதவனுக்கு ஒரு தட்டு. இது எல்லாக் கடற்படைக்கும் தெரிந்த கணக்கு.

என் கேள்வி வேறு. வணிகக் கப்பலில் நாம் எந்தக் கொடியின் கீழும் வேலை செய்கிறோம். பனாமாக் கொடிக்கு நாம் யாரும் உயிர் தருவதாகச் சொன்னதில்லை. கான்ட்ராக்ட் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு. பதவிப்பிரமாணம் அப்படியன்று. ஐந்து நாளில் புறப்படும் கப்பல் எந்தப் போருக்குப் போகிறது என்று கேட்கும் உரிமையை நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாய். அந்தப் போர் சரியா தவறா என்று உனக்குத் தோன்றுவது அப்போது கணக்கில் வராது. இதை நன்றாக யோசித்துவிட்டு, ஆம் என்று மனம் சொன்னால் போ, தம்பி. லைசென்ஸுக்கு மேல் ஓர் அலங்காரமாக நினைத்துப் போகாதே.


நீலக்கோடு_தேர்ட்மேட்

ஐயா, நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒன்று. எங்கள் அகாடமியில் 142 பெயர் பொறித்திருக்கிறது. எல்லோரும் இரண்டாம் உலகப் போரில் பயிற்சிக் காலத்திலேயே கடலில் இறந்த மாணவர்கள். அவர்களில் எட்வின் ஓஹாரா எஞ்சின் கேடட். 1942 செப்டம்பரில் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற சரக்குக் கப்பலை ஜெர்மானியர்களின் ஸ்டியர் என்ற போர்க்கப்பல் தாக்கியபோது, பீரங்கிக் குழு வீழ்ந்த பிறகு மிஞ்சியிருந்த குண்டுகளைத் தனியாகச் சுட்டுவிட்டு இறந்தார். ஸ்டியரும் மூழ்கியது. அந்தப் போரில் 9,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கடலோடிகள் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களுக்கு 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதி 1988இல்தான் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் கண்மூடிவிட்டார்கள்.

போர் வந்தால் சரக்குக் கப்பலை டார்பிடோ விட்டுவைப்பதில்லை. சீருடை இல்லாவிட்டாலும் சாவு வரும். அப்படியிருக்க, தகவல் தொடர்பும் தற்காப்பும் பயின்று, பெயரோடும் பதவியோடும் இருப்பது மேல் என்பது என் எண்ணம். எங்களில் சிலரை வணிகக் கப்பல் கேப்டனுக்குப் பக்கத்தில் போர்த்தந்திர ஆலோசகராக ஏற்றுகிறார்கள். போர்க்கப்பல்களோடு எப்படிப் பேசுவது, ஆபத்தான பகுதியில் எப்படி வழி மாற்றுவது என்று கேப்டனுக்குச் சொல்வது அவர்கள் வேலை. இரண்டு உலகமும் தெரிந்தவனால்தான் அதைச் செய்ய முடியும்.


முத்துக்குளித்துறை

ஓஹாராவைப் பற்றிப் படித்திருக்கிறேன், தம்பி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. அவரை யாரும் சுடச் சொல்லவில்லை, அவராகவே சுட்டார். நான் கேட்டது அந்த 'அவராகவே' பற்றித்தான். பொருநை அதைத் தன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசட்டும்.


சட்டக்கோப்பு_மீரா

குடியேற்றச் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொருநை அண்ணா, பாதுகாப்பு அனுமதி, ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இரண்டையும் இங்கே யாரும் விரிவாகத் தொடவில்லை.

முதலில் பாதுகாப்பு அனுமதி. எஸ்.எஃப்.-86 என்ற நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், நெருங்கிப் பழகும் வெளிநாட்டு நண்பர்கள், வெளிநாட்டுப் பயணங்கள், ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் எழுத வேண்டும். இந்தியாவில் சொந்தங்கள் இருப்பதே தடையல்ல. மறைப்பதுதான் தடை. எல்லா வெளிநாட்டுக் கணக்குகளிலும் சேர்த்து ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் நிதித்துறைக்குத் தனியாக எஃப்.பி.ஏ.ஆர். அறிக்கை தந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வாடகை வந்து விழுந்துகொண்டிருக்கும், நம்மவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். விண்ணப்பிப்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

கப்பல்காரர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. பல நாட்டுத் துறைமுகங்கள், பல நாட்டு ஆட்களோடு மாதக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பாடு. சி.டி.சி.யையும் பழைய பாஸ்போர்ட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலவரிசையைத் தயார் செய்யுங்கள்.

அடுத்தது ஓ.சி.ஐ. இது முக்கியம். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது இந்திய அரசின் விதி. உங்களிடம் ஏற்கெனவே அட்டை இருந்தாலும், விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றாலும், பிரமாணம் எடுப்பதற்கு முன் ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு, எழுத்துமூலமாகப் பதில் வாங்குங்கள். 'ரிசர்வ்தானே, ஆண்டுக்கு இரண்டு வாரம்தானே' என்று நீங்களே பொருள் சொல்லிக்கொள்ளாதீர்கள். ரிசர்வ் அதிகாரியும் படை அதிகாரிதான். ஓ.சி.ஐ. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் விசா எடுத்துத்தான் ஊருக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று நள்ளிரவில் தொலைபேசி வந்தால் அதன் பொருள் என்ன என்று நினைத்துப் பாருங்கள். குடும்பத்தோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.


பொருநை_மரைன்

மீரா, இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க இருந்தேன். மிகவும் நன்றி.


ஏபி_சீமேன்_சிவகாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். அமெரிக்கக் கொடிக் கப்பலில் ஏபி சீமேன், அதாவது டெக் பிரிவில் அதிகாரி அல்லாத கடலோடி. தேர்ட் மேட் தேர்வு எழுதி, பிறகு ரிசர்வுக்கும் போகலாமா?


சட்டக்கோப்பு_மீரா

குடியுரிமை வந்த பிறகுதான், அண்ணா. அமெரிக்கக் கொடிக் கப்பலில் அதிகாரியாக இருப்பவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ரேட்டிங், அதாவது அதிகாரி அல்லாத வேலைகளில்தான் கிரீன் கார்டுக்கு இடம் உண்டு, அதுவும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. குடியுரிமைக்கு ஐந்தாண்டு வசிப்பும், அதில் பாதிக் காலமாவது நாட்டுக்குள் இருந்ததற்கான கணக்கும் கேட்பார்கள். கப்பல்காரர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் 330ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது: அமெரிக்காவில் பதிவாகி, அமெரிக்கத் துறைமுகத்தைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட கப்பலில் நன்னடத்தையோடு வேலை செய்த காலத்தை நாட்டுக்குள் வசித்த காலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் செய்த பணியாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் ஓடிய காலத்துக்கு இதைக் கேட்டு நிற்காதீர்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.


பழைய_மோட்டார்மேன்

சிவகாசித் தம்பி, குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காதே. ஏபியாக ஓடும் நாள்களே தேர்ட் மேட்டுக்கான 1,080 நாளில் சேரும். பிரிட்ஜ் வாட்ச் (கப்பலைச் செலுத்தும் மேடையில் முறைக் கண்காணிப்பு) வேலையைக் கேட்டு வாங்கிச் செய்; அதைக் கடிதத்தில் தனியாக எழுதித் தரச் சொல்.


கலிஃபோர்னியா_அம்மா

என் மகளுக்குக் கடல்மீது தீராத ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கிங்ஸ் பாயிண்ட் என்கிறாள். படிப்பு இலவசம், அதிகாரிப் பதவி, எல்லாம் சரி. ஆனால் கப்பலில் பெண் பிள்ளைகளுக்கு நடந்தவற்றைச் செய்தியில் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. உள்ளிருந்து யாராவது உண்மையைச் சொல்லுங்கள். படித்த பிறகு எத்தனை ஆண்டு கட்டுப்பாடு என்பதையும் சொல்லுங்கள்.


நீலக்கோடு_தேர்ட்மேட்

கட்டுப்பாட்டை நான் சொல்கிறேன், அம்மா. மற்றதைச் செகண்ட் மேட் அக்கா சொல்லட்டும், அவரை அழைத்திருக்கிறேன்.

கிங்ஸ் பாயிண்டுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும்; சேரும் ஆண்டில் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் ஐந்தாண்டு கடல்சார் வேலை, ஆறாண்டு லைசென்ஸை உயிரோடு வைத்திருப்பது, எட்டாண்டு ரிசர்வ் அதிகாரிப் பதவி. கடல் வேலைக்குப் பதிலாக ஏதாவது ஒரு படையில் ஐந்தாண்டு முழுநேரப் பணி செய்தாலும் சரி. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1க்குள் மாராட் இணையதளத்தில் என்ன வேலை செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். வாக்கைக் காப்பாற்றாவிட்டால் படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள், முழுநேரப் பணிக்கும் அழைக்கலாம்.

இது தவிர மாநில அகாடமிகள் ஆறு இருக்கின்றன: நியூயார்க், மாசசூசெட்ஸ், மெய்ன், கலிஃபோர்னியா, டெக்சஸ், மிச்சிகன். அங்கே ரிசர்வ் பதவி கட்டாயமில்லை. ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேர்ந்தால் பணம் தருவார்கள். கூடவே கடல்சார் வேலைக்கும் ரிசர்வ் பதவிக்கும் கையெழுத்து வாங்குவார்கள். கடலில் ஆசை இருக்கிறது, படையில் மனம் தெளிவாகவில்லை என்றால் மாநில அகாடமி நல்ல இடம்.


அலைமகள்_செகண்ட்மேட்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

கிங்ஸ் பாயிண்ட் 1974இல் பெண்களைச் சேர்த்தது. கூட்டரசின் அகாடமிகளில் அதுதான் முதல். ஆனால் சேர்த்தது வேறு, பாதுகாத்தது வேறு. மாணவர்கள் வணிகக் கப்பல்களில் பயிற்சி பெறும் 'சீ இயர்' காலத்தில் பாலியல் வன்முறை நடந்ததால் 2016இல் அந்தப் பயிற்சியை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கி, 2021இல் ஒரு மாணவி தனக்கு நேர்ந்ததை எழுதிய பிறகு மறுபடி நிறுத்தினார்கள். அந்தப் பெண் பேசியதால்தான் மாற்றம் வந்தது. இப்போது மாணவர்களை ஏற்றிக்கொள்ளும் நிறுவனம் எம்பார்க் என்ற விதித்தொகுப்பை ஏற்றிருக்க வேண்டும். 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் மாஸ்டர் சாவியைக் கட்டுப்பாட்டில் வைக்கவும், அறைகளுக்கு வெளியே நடைவழிகளில் கேமரா வைக்கவும், புகார்களைக் கடலோரக் காவல்படைக்குத் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது.

விதி இருப்பதாலேயே கப்பல் பாதுகாப்பாகிவிடாது. கேப்டன் எப்படியோ அப்படித்தான் கப்பல். நான் ஓடிய கப்பல்களில் என்னை மகளாகவும் சக அதிகாரியாகவும் நடத்தியவர்கள் மிகப் பலர். கதவைத் தாழிட்டுத் தூங்கிய கப்பலும் உண்டு. உங்கள் மகளைப் போக விடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்கள் ஏறாவிட்டால் எதுவும் மாறாது. ஆனால் எந்த நேரத்தில், யாரிடம், எந்த எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும் என்பது ஏறுவதற்கு முன் அவளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். என்னோடு பேச அவள் விரும்பினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.


துறைமுகக்_கணக்கர்

பொருநை, பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன். மற்ற ரிசர்வ்காரர்கள் மாதம் ஒரு வாரயிறுதி போய்ச் சம்பளம் வாங்குகிறார்கள். இந்தப் பிரிவில் பெரும்பாலோர் ஐ.ஆர்.ஆர். என்ற தனிநபர் ஆயத்த ரிசர்வில் இருக்கிறார்கள். அங்கே மாதச் சம்பளம் இல்லை. இரண்டு வாரப் பயிற்சிக்கு மட்டும் பதவிக்கேற்ற ஊதியம். ஆனால் நாட்டின் நெருக்கடி நிலையில் 24 மாதம் வரை அழைக்கலாம். மனைவி, குழந்தை, வீட்டுக்கடன் இருப்பவருக்கு இது ஏற்குமா?

ஓய்வூதியக் கணக்கும் இருக்கிறது. 20 'நல்ல ஆண்டு' சேர்ந்தால் 60 வயதில் ஓய்வூதியம். நல்ல ஆண்டு என்றால் 50 புள்ளி. உறுப்பினராக இருப்பதற்கே 15 புள்ளி. இரண்டு வாரப் பயிற்சிக்கு ஏறத்தாழ 14. கூட்டினால் 29. மீதி 21 எங்கே? வணிகக் கப்பலில் ஓடும் நாள்களுக்குப் புள்ளி கிடையாது. அஞ்சல்வழிப் படிப்பு, கூடுதல் பயிற்சி என்று தேடிப் பிடிக்க வேண்டும்.


நீலக்கோடு_தேர்ட்மேட்

கணக்கு சரிதான். ஓய்வூதியத்துக்காக மட்டும் வருபவர்களுக்கு இது ஏற்ற பிரிவு அல்ல. ஆனால் கூடுதல் பயிற்சி ஆணைகள் வருகின்றன, கேட்டால் கிடைக்கும். நான் இணையவழிப் படிப்புகளைக் கப்பலில் வாட்ச் முடிந்த நேரத்தில் செய்கிறேன். பயிற்சிக்குப் போனதற்காகக் கரை வேலையை இழக்காமல் யுசெர்ரா சட்டம் காக்கிறது.

அண்ணா, உங்கள் நிலையில் பணத்தைவிட முக்கியமானது கடல்காலம். எம்.எம்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த ஐந்தாண்டில் 360 நாள் கடல்பணி காட்டுவதுதான் நேர்வழி. தொடர்புடைய கரைப்பணியில் மூன்றாண்டு இருந்தால் அதையும் சில நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். கப்பல் பழுதுபார்ப்பு அதில் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். புதுப்பிக்காமல் 'தொடர்ச்சி ஆவணம்' என்று ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டலாம். அதை வைத்துக் கப்பலில் ஏற முடியாது. கப்பலில் ஏற முடியாத ரிசர்வ் அதிகாரியால் யாருக்கும் பயனில்லை.


பொருநை_மரைன்

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் அப்பாவோடு பேசினேன். முத்துக்குளித்துறை ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "அவர் கேட்டதுதான் என் கேள்வியும்" என்றார். நீண்ட நேரம் பேசினோம். இந்த நாட்டில் என் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், இந்த நாட்டுக் கடவுச்சீட்டை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன், அதற்குரிய கடமை ஒன்றை என் தொழிலாலேயே செய்ய முடிகிறது என்றால் செய்யத்தான் விரும்புகிறேன் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விசா எடுத்துத்தான் வர வேண்டியிருக்கும் என்று சொன்னபோதுதான் அமைதியானார்.

அதனால் பிரமாணத்தைப் பற்றிய முடிவை இப்போது எடுக்கவில்லை. எம்.எம்.சி. எப்படியும் வேண்டும். அதற்குள் துணைத் தூதரகத்தின் பதிலும் வந்துவிடும். பழைய நிறுவனங்கள் மூன்றுக்குக் கடிதம் கேட்டு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பதில் தந்திருக்கிறது. நீராவிக்கு எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?


பழைய_மோட்டார்மேன்

புத்தகத்துக்கு முன்னால் கடலோரக் காவல்படை தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் மாதிரி வினாக்களைப் பாருங்கள். கொதிகலன் நீர்மட்டம், ஃபீட் பம்ப், கண்டென்சர் வெற்றிடம், டர்பைன் சூடேற்றும் வரிசை: இந்த நான்கையும் முதலில் பிடித்துவிட்டால் மீதி தானாக வரும். மற்ற இரண்டு நிறுவனங்களும் பதில் தராவிட்டால், அந்தக் கப்பல்களில் உங்களோடு ஓடிய சீஃப் இன்ஜினியரைத் தேடிப் பிடியுங்கள். அந்த நிறுவனம் இப்போது யார் கையில் இருக்கிறது, பழைய கோப்புகள் எந்த அலுவலகத்துக்குப் போயின என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.